பொட்டலுக்கு ஏறிய ஊர்

கீழவயல்,
1965, தை 6

அன்புத் தம்பி சேதுபதிக்கு அக்கா பொன்னழகு எழுதுவது.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அந்தப் புயல் நம் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டுப் போனது. கண்மாய்க் கரையில் மடைக்குப் பக்கத்தில் கசிவு கண்டுவிட்டது. ஊர் ஆம்பளைகள் எல்லாரும் மண்மூட்டை, வைக்கோல், கதவு என்று கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். உன் மச்சான் என் கல்யாணக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார். கேட்டால், "கட்டிலு போனா வேற கட்டிலு. கரை போனா படுக்க நீ இருப்பியாடி?" என்கிறார். கரை நின்றது, கட்டில் போனது.

பெருமழைக்கு முன்னால் புரட்டாசியில் வழக்கம்போல வீட்டுக்கு ஓர் ஆள் போய், கண்மாய் நிறைந்தால் வழிகிற கலுங்கில், தண்ணீரைத் தேக்கத் தையில் கற்களுக்கு நடுவே வைத்து அடைத்திருந்த களிமண்ணைத் தோண்டி எடுத்திருந்தார்கள். மிச்சத் தண்ணீர் அந்த வழியாக வெளியே போனது. எடுக்காமல் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். ஊர் முழுக்கக் கரைக்குக் கீழே இருப்பதால் வேறு இடத்தில் சர்க்கார் மனை தருகிறார்களாம். இடத்தை நாம் சொல்ல வேண்டும். ஒன்று, தெற்கே நாம் குடிதண்ணீர் எடுக்கிற ஊருணிக்கரை. இன்னொன்று, வடக்கே மேட்டில் வெள்ளாட்டுப் பொட்டல். கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் வீரணன் அம்பலம் எழுந்து, "நம்ம ஓவர்சியர் தம்பி அணை கட்டுற எடத்துல இருக்காக. அவுக எந்தப் பக்கம் கையைக் காட்டுறாகளோ, அங்குட்டுப் போவோம்" என்றார். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. அம்மா இல்லாமல் நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பயலை ஊரே "அவுக, இவுக" என்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு ஊருணிக்கரைதான் பிடித்திருக்கிறது. தண்ணீர் காலடியில் கிடக்கும். பொட்டலில் வெள்ளாடே வாடிப் போகும். இருந்தாலும் நீ வந்து பார்த்துச் சொல்.

அக்கா

*

ஆழியாறு அணை,
14-3-1965

அன்புள்ள அக்காவுக்கு,

ஊருக்கு வந்த இடத்தில் உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. அம்பலத்திடம் சொன்னதை உனக்கும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு இடத்திலும் கருவி வைத்துத் தரையின் லெவல் எடுத்துப் பார்த்தேன். கரை உடைந்தால் ஊருணிக்கரையில் கூரை வரைக்கும் தண்ணீர் நிற்கும். பொட்டலில் செருப்புக்கூட நனையாது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கரை உடையுமா என்று கேட்காதே. உடையும். இந்த வருஷமோ, நம் காலத்துக்கு அப்புறமோ, என்றைக்காவது உடையத்தான் செய்யும். ஊரை மாற்றுகிறவன் நாளைக் காலைச் சமையலை நினைத்து மாற்றக் கூடாது. உன் மகள் சாலாவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளை நினைத்து மாற்ற வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாதே. பொட்டல் தரையில் இருக்கிற செம்புறாங்கல் பாறைக்குக் கீழே ஊற்று இருக்கும். சர்க்கார் கிணறு தோண்டித் தருகிறார்கள். கிணறு வரும் வரை கொஞ்ச நாள் ஊருணியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிளம்பும்போது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒரு நடை என்னோட பொட்டல் வரைக்கும் வந்து பாருடா" என்றாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோபமில்லையே?

மச்சானுக்கு என் வணக்கம். சாலாவுக்கு ஒரு சிலேட்டு அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் படிக்கச் சொல்.

சேதுபதி

*

வெள்ளாட்டுப் பொட்டல்,
1967, பங்குனி 20

தம்பிக்கு,

மேலே உள்ள விலாசத்தைப் பார். நீ கை காட்டிய இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. காற்றும் நன்றாக வருகிறது. மழை பெய்தால் கண்மாய்ப் பக்கம் எட்டிப் பார்க்காமல் தூங்குகிறோம், அதை மறைத்தால் பாவம். கிணற்றில்தான் ஊற்று இல்லை. தோண்டினார்கள், பாறை வந்தது. வெடி வைத்தார்கள், அதற்குக் கீழேயும் பாறை. இப்போது ஆடு விழாமல் முள் வெட்டிப் போட்டிருக்கிறோம்.

ஊருணிக்குப் போய் வருவதில் பொழுது கழிகிறது. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். ஏற்றத்தில்தான் குடம் நிறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு நாச்சியாருக்குப் பிள்ளை பெற்ற உடம்பு. பாதி வழியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்து, "ஒங்க தம்பி நல்லா இருக்காகளாக்கா?" என்றாள். குத்திக்காட்டித்தான் கேட்டாளா, உண்மையிலேயே விசாரித்தாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எது என்றாலும் நான் கேட்டுக்கொண்டுதானே ஆக வேண்டும்?

போன மாதத்திலிருந்து சாலா பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. காலையிலும் சாயந்தரமும் அவள்தான் தண்ணீருக்குப் போகிறாள். வாத்தியார் வீடு தேடி வந்து, "கணக்குல கெட்டிக்காரப் பிள்ளை, நிறுத்தாதீக" என்று சொல்லிப் பார்த்தார். உன் மச்சான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சாலாதான் கொண்டு வந்து கொடுத்தாள்.

சிலேட்டு பத்திரமாக இருக்கிறது.

அக்கா

*

ஆழியாறு அணை,
16-4-1967

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளைத் தள்ளிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

கரையின் உயரத்தை அளந்தேன், பொட்டலின் உயரத்தை அளந்தேன். அந்த உயரத்துக்குத் தண்ணீர் யார் தலையில் ஏறும் என்று யோசிக்கவில்லை. இங்கே என் குவார்ட்டர்ஸில் குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிறது. கை கழுவும்போது குழாயைச் சீக்கிரம் மூடிவிடுகிறேன். அதனால் உங்களுக்கு ஒரு குடம் குறையப் போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் மூடிவிடுகிறேன்.

சாலாவை இங்கே அனுப்பி வையுங்கள். பொள்ளாச்சியில் நல்ல பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. நான் படிக்க வைக்கிறேன். நான் செய்ததற்கு இதையாவது செய்ய விடுங்கள்.

தங்கள் தம்பி
சேதுபதி

*

வெள்ளாட்டுப் பொட்டல்,
1967, சித்திரை 15

சேதுபதி,

எப்போதிருந்து எனக்கு 'நீங்கள்' போட ஆரம்பித்தாய்? தப்புச் செய்தவன் பத்தடி தள்ளி நின்று கும்பிடுவதுபோல இருக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

சாலாவை அனுப்பினால் இங்கே குடத்தை யார் தூக்குவது? நாச்சியார் வீட்டு மூத்த பிள்ளையும், அம்பலம் வீட்டுப் பேத்தியும்கூடத் தூக்குகிறார்கள். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைப்பாயா? ஓவர்சியர் அக்கா மகள் மட்டும் தப்பித்துப் போனாள் என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சையும் நானே சுமக்க வேண்டுமா?

வருத்தம் தெரிவித்து இனிமேல் எழுதாதே. அதைப் படித்துவிட்டு, "பரவாயில்லைடா தம்பி" என்று பதில் எழுதும் வேலையும் என் தலையில் விழுகிறது. பரவாயில்லை என்று எழுத எனக்கு இப்போது மனசு வரவில்லை.

பொன்னழகு

*

வெள்ளாட்டுப் பொட்டல்,
1977, ஆனி 10

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் வாழ்த்து அட்டை தவிர நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லாமல் போய் எத்தனையோ வருஷமாயிற்று. சாலா கல்யாணத்துக்கு வந்தாய், மொய் எழுதினாய், பந்தியில் கடைசி ஆளாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். இப்போது நானே முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் சாலாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. மூக்கு உன் மூக்கு. பாவம், பெண் பிள்ளை, என்ன செய்வது!

ஊர்ச் சேதியும் கொஞ்சம் எழுதுகிறேன். எழுபத்து நாலிலும் ஐந்திலும் பட்ட வறட்சி உனக்குத் தெரியும். ஊருணியே சேறாகிவிட்டது. அந்தச் சேற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்க முதல் ஆளாக நிற்க வேண்டுமே, அதற்காகச் சிறுசுகள் ஒவ்வொருவராகக் கீழே போய் ஊருணிக்கரையில் குடிசை போட்டார்கள். சாலாவும் மாப்பிள்ளையும் அதில் முதல் ஆள். "நான் சுமந்தது போதும்மா, எம் மக சுமக்க வேணாம்" என்றாள். இப்போது அங்கே ஒரு தெருவே ஆகிவிட்டது.

கண்மாயில் இருக்கிற தண்ணீரையாவது பிடித்துவைப்போம் என்று முந்தின வருஷம் தையில் கலுங்கை நன்றாக அடைத்தார்கள். உன் மச்சான்தான் முன்னால் நின்று களிமண் மிதித்தார். கல்லுக்கு மேலேயும் ஒரு முழம் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். சுவர் மாதிரி நிற்கிறது.

அக்கா

*

ஆழியாறு அணை,
5-7-1977

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? மூக்குக்கு நான் பொறுப்பில்லை.

ஒன்று கேட்க வேண்டும். தையில் அடைத்தது சரி. போன புரட்டாசியில் அதை எடுத்தார்களா? நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் எடுக்கவில்லை என்று தோன்றுகிறது. அப்படியானால் இந்தப் புரட்டாசியில் எடுத்தே ஆக வேண்டும் அக்கா. பெருமழை வந்தால் கலுங்கு வழியாகப் போக வேண்டிய தண்ணீர் போக இடமில்லாமல் கரையைத்தான் உடைக்கும். கரைக்கு நேர் கீழேதான் ஊருணிக்கரை.

கீழே குடியிருந்த வரைக்கும் கலுங்கில் மண் எடுக்கிற நாளை யாரும் மறந்ததில்லை. வீட்டுக்கு ஓர் ஆள், கையில் மண்வெட்டி. சின்ன வயதில் நானே போயிருக்கிறேன். மேலே ஏறிய பிறகு பயம் விட்டுப் போயிற்று, பயத்தோடு வழக்கமும் போயிற்று. ஊரை ஏற்றச் சொன்ன நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

மச்சானிடம் சொல்லிப் பார். ரொம்பவும் வற்புறுத்த வேண்டாம். ஒரு தடவை என் பேச்சைக் கேட்டு ஊர் பட்ட பாடு போதும். மறுபடியும் வந்து நின்று அதைச் செய், இதைச் செய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

சேதுபதி

*

வெள்ளாட்டுப் பொட்டல்,
1977, புரட்டாசி 25

தம்பிக்கு,

பிள்ளைக்குக் கல்யாணசுந்தரி என்று பெயர் வைத்திருக்கிறோம். நம் அம்மா பெயர். வீட்டில் சுந்தரி.

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அம்பலமும் இருந்தார். கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்: "ஒன் தம்பிக்கு என்ன, ஆத்துத் தண்ணி குழாயில வருது. நாம அடைச்சு வச்சதைத் தொறந்து விட்டுட்டு, தையில யாருகிட்டப் போயிக் கேக்குறது? ரெண்டு வருசம் வானம் பொய்ச்சதைப் பாத்தீகள்ல?" அம்பலம் உன் பக்கம்தான் பேசினார். "வழக்கத்தை விட்டது தப்பு சின்னக்கருப்பு. ஆனா இன்னைக்கு யாரைக் கூப்புட்டா வருவாக?" என்றார். அப்புறம் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் பேசாமல் இருந்துவிட்டேன் சேதுபதி. சாலா வீட்டு வாசலுக்கு எதிரே ஊருணியில் தண்ணீர் நிற்கிறது. கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் ஊருணியில் நிற்கும். என் பேத்தியின் காலுக்குக் கிட்டத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு, அதைத் திறந்துவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீயும் வற்புறுத்த வேண்டாம் என்றுதானே எழுதியிருந்தாய்?

மேகம் நன்றாகக் கூடியிருக்கிறது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

அக்கா

*

ஆழியாறு அணை,
18-12-1977

அக்கா,

மச்சான் காரியம் முடிந்து வந்த நாளிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். உன் பக்கத்தில் இருந்த அத்தனை நாளும் உன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நீ கவனித்திருப்பாய்.

பந்தலில் அம்பலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொட்டல் மட்டும் இல்லேன்னா ஊருணிக்கரை சனம் அத்தனையும் போயிருக்கும் தம்பி. அன்னைக்கு நீங்க காட்டுன எடம்தான் எங்களைக் காப்பாத்துச்சு" என்றார். எனக்குக் கூசிப் போயிற்று. கொட்டுகிற மழையில் மச்சான் கடப்பாரையோடு கலுங்குக்கு ஓடினார், களிமண்ணைக் குத்தித் திறந்தார், திறந்த தண்ணீர் கல்லோடு சேர்த்து அவரை இழுத்துக்கொண்டது, அவர் திறந்ததால்தான் கரை கொஞ்ச நேரம் தாங்கியது, அந்த நேரத்தில்தான் கீழே இருந்தவர்கள் ஏறினார்கள். இதை ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி.

நான் செய்தது என்ன? ஒரு கடிதம் எழுதினேன். அதிலும் 'வற்புறுத்த வேண்டாம்' என்று எழுதினேன். லீவு போட்டுவிட்டு வந்து, கலுங்கில் இறங்கி நின்று, நானே ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்திருந்தால் மச்சான் பார்த்துக்கொண்டா இருந்திருப்பார்? திட்டிக்கொண்டே கூட இறங்கியிருப்பார். முதல் தடவை தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். இந்தத் தடவை நன்றாகத் தெரிந்ததை வாயைத் திறந்து சொல்லவில்லை. உன் கோபத்துக்குப் பயந்துகொண்டு இருந்தேன் அக்கா. அதற்கு நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டேன்.

பதில் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

சேதுபதி

*

வெள்ளாட்டுப் பொட்டல்,
1978, தை 20

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதச் சொல்லவில்லை என்றால் எழுதாமல் விட்டுவிடுவேனா?

உன்னுடைய பங்கு உனக்கு இருக்கிறது. இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்றப் போவதில்லை. என்னுடைய பங்கும் இருக்கிறது. அன்றைக்கு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை, "எடுத்துருவமே" என்று சொல்லியிருந்தால், முணுமுணுத்துக்கொண்டாவது போயிருப்பார். என் பேச்சைத் தட்டாத மனுஷர். கட்டிலை மட்டும்தான் என்னைக் கேட்காமல் தூக்கினார். இப்போது பாயில் படுக்கும்போதெல்லாம் அந்தக் கட்டில் ஞாபகம்தான் வருகிறது.

உன்னிடம் ஒருத்தரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சாலா சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டாள், நான் சொல்கிறேன். கீழே இருந்தவர்கள் ஏறும்போது பாதை தெரியவில்லை. முழங்கால் வரை தண்ணீர், கண்ணைத் திறக்க விடாத மழை. எல்லாரும் அங்குட்டும் இங்குட்டும் தடுமாறினார்கள். சாலா பிள்ளையை அண்டாவுக்குள் படுக்க வைத்து, மேலே தாம்பாளத்தைச் சாய்த்து மூடித் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். "எம் பின்னாடியே வாங்க, எனக்குத் தெரியும்" என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் குடத்தோடு ஏறிய பாதை, எங்கே கல், எங்கே பள்ளம் என்று அவள் காலுக்குத் தெரியும். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை சனமும் ஏறியது. அண்டாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, உன்மேல் கோபமும் வருகிறது, இரண்டும் சேர்ந்தே வருகிறது.

கரையை மறுபடி கட்டுகிறார்கள். ஊருணிக்கரை சனத்துக்கு வேறு இடம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மறுபடியும் கூட்டம், மறுபடியும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. நீ வா. லெவல் பார்க்கிற சாமானையும் கொண்டு வா. ஆனால் அதை வெளியே எடுப்பதற்கு முன்னால், ஊருணியில் ஒரு குடம் மொண்டு, உன் தோளில் வைத்துக்கொண்டு பொட்டல் வரைக்கும் என்னோடு ஒரு நடை வர வேண்டும். நீ பாக்கி வைத்திருக்கிற நடை அது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வழியில்லாமல் காலை வண்டிக்கே வந்துவிடு. அதற்கு அப்புறம் எந்த இடத்தைச் சொன்னாலும் போகிறோம்.

இன்னொன்று. வருகிற புரட்டாசியிலிருந்து கலுங்கில் மண் எடுக்கிற நாளை மறுபடி நடத்துவது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். சாலா வீட்டுக்கு மாப்பிள்ளை இருக்கிறார். நம் வீட்டுக்கு ஆள் யார் என்று அம்பலம் கேட்டார். என் தம்பி வருவான், வருஷா வருஷம் வருவான் என்று சொல்லிவிட்டேன்.

மச்சானுடைய மண்வெட்டி இருக்கிறது. கடப்பாரைதான் தண்ணீரோடு போய்விட்டது. வரும்போது ஒன்று வாங்கிக்கொண்டு வா.

அக்கா
பொன்னழகு